'பழகிப்போச்சு' என்ற சொல்லின் எடை

அந்த அறையில் காலை ஏழு மணிக்கு விளக்கு எரியும். "முதல் சாம்பிளைப் பார்க்கணும்னா அதுக்கு முன்னாடி வந்துடுங்க சார்" என்று ஆய்வாளர் போனில் சொல்லியிருந்தார். இரவு ரயிலில் வந்து இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. பெங்களூரில், பழைய மரங்கள் சூழ்ந்த ஓர் ஆய்வு வளாகம். முன்கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பின்பக்கம் தனியாக ஒரு கதவு. அதற்குப் பின்னால்தான் விலங்கறை.

ஆய்வாளர் திருநெல்வேலிக்காரர். நாட்பட்ட மன அழுத்தம் மூளையடிச் சுரப்பியை என்ன செய்கிறது என்பதைப் பல வருடங்களாக எலிகளில் பார்த்துவருகிறவர். ஆய்வு முடியும்வரை தன் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வெளியே வர வேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டேன்.

நான் போனதற்குக் காரணம் ஒரு சொல். ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, இரவில் நான்கு முறை எழுந்து பார்ப்பது எல்லாமே அம்மாதான். எப்படிம்மா சமாளிக்கிறே என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பழகிப்போச்சுப்பா." நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில் ஒரு நாள், சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது, மூச்சு வாங்கியது, ஒரு மணி நேரம் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருட பாரத்தைச் சுமந்தவள் ஒரு ரெகுலேட்டரில் ஏன் ஒடிந்தாள்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கதவுவரை கொண்டுவந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

செருப்பைக் கழற்றி, வேறு செருப்பு மாட்டி, நீல கவுன், தலைக்கு உறை, முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டேன். உள்ளே போகலாம் என்று நினைத்தபோது ஆய்வாளர் நிறுத்தினார். "முதல் சாம்பிள் முடியற வரைக்கும் நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் சார். நீங்க ஆம்பளை, அதுவும் புது ஆள்."

அவர் சொன்னது வெறும் சம்பிரதாயம் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உலகம் முழுக்க விலங்கறைகளை யோசிக்கவைத்தது. ஆண் ஒருவர் அருகில் இருந்தாலே, ஏன், அவர் போட்டுக் கழற்றிய பனியன் பக்கத்தில் இருந்தாலே, எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அழுத்தத்தை அளக்க வந்தவரே அழுத்தமாகிவிடுகிறார்.

உள்ளே காக்கிச் சட்டை மேல் கவுன் போட்ட பெரியவர் ஒருவர் கூண்டுகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். எலிகளை வளர்ப்பவர் அவர்தான். "அண்ணன் மட்டும் உள்ளே இருக்காரே?" என்றேன். "அவர் வாசனையிலேயே வளர்ந்ததுங்க இதுங்க. அவர் லீவு போட்டா அன்னிக்கு நாங்க சாம்பிளே எடுக்கிறதில்ல" என்றார் ஆய்வாளர்.

மணி ஏழு. விளக்கு எரிந்தது. எலிகள் இரவில் நடமாடுகிறவை. விளக்கு எரிவது அவற்றுக்குத் தூங்கப்போகும் நேரம். நம் உடலில் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும் அழுத்த ஹார்மோன், எலிகளின் உடலில் அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கும். மாலையில் விளக்கு அணையும் வேளையில்தான் உயரும். அதனால்தான் அமைதியான நிலையின் அளவைக் காலையில் எடுக்கிறார்கள்.

பெரியவர் ஒரு கூண்டை மெல்ல இறக்கினார். ஆய்வாளர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். வாலின் நுனியில் மெல்லிய கீறல், நான்கைந்து சொட்டு ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய சிறு குழாய், உடனே ஐஸ். கூண்டைத் தொட்டதிலிருந்து எல்லாம் மூன்று நிமிடத்துக்குள். எலியின் முக்கிய அழுத்த ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன். நமக்கு கார்ட்டிசால் எப்படியோ அப்படி. பயந்த கணத்திலிருந்து அது ரத்தத்தில் ஏறிவர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. அந்த இடைவெளிக்குள் எடுத்த ரத்தம், கை படுவதற்கு முன்பிருந்த உடலைச் சொல்லும். தாண்டிவிட்டால், அந்தக் கை தந்த பயத்தைத்தான் சொல்லும். ஆய்வாளர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் கடிகாரத்துக்கும் வாலுக்கும் போய்வந்தன.

மூன்று அடுக்குகள்

சாம்பிள் முடிந்ததும் என்னை உள்ளே அழைத்தார்கள். நெல் உமி பரப்பிய கூண்டுகள். உமியின் வாசனை எனக்கு ரைஸ்மில்லை நினைவூட்டியது. எலிகள் விஸ்டார் வகை. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906-இல் தொடங்கிய வம்சம். வெள்ளை ரோமம், சிவந்த கண்கள், உமிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன.

மூன்று அடுக்குகள் இருந்தன. முதல் அடுக்கு எலிகளுக்கு எதுவும் செய்வதில்லை. சாப்பாடு, தண்ணீர், பெரியவரின் கை, அவ்வளவுதான். இரண்டாம் அடுக்குக்குத் தினமும் ஒரே சிரமம்: துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் இரண்டு மணி நேரம், திரும்பக்கூட இடமில்லாமல் அடைபட்டிருக்க வேண்டும். இதை ஆய்வகத்தில் ரெஸ்ட்ரெயினர் என்கிறார்கள். மூன்றாம் அடுக்குக்குத் தினம் ஒரு சிரமம்: ஒரு நாள் குழாய், மறுநாள் ஈர உமி, அடுத்த நாள் சாய்த்துவைத்த கூண்டு, இன்னொரு நாள் இரவு முழுக்க விளக்கு. எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது. இன்று இருபத்தொன்றாம் நாள்.

பெரியவர் இரண்டாம் அடுக்கிலிருந்து ஒரு எலியை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தார். வாலைப் பிடித்துத் தூக்குவதில்லை. வாலைப் பிடித்தால் சுண்டெலிகளுக்குப் பதற்றம் கூடுகிறது, கையைக் குவித்தோ சிறு குழல் வழியாகவோ எடுத்தால் குறைகிறது என்பது 2010-இல் அச்சேறிய செய்தி. "இதை நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கேன்" என்றார் பெரியவர். ரெஸ்ட்ரெயினரின் வாயருகே கையை வைத்தார். எலி மூக்கை நீட்டி முகர்ந்தது. தானே உள்ளே நுழைந்தது.

"முதல் வாரம் நாலு காலையும் விரிச்சுக்கிட்டு நிக்கும், உள்ள தள்ளவே முடியாது. இப்பப் பாருங்க" என்றார். "பழகிடுச்சு."

என் முகம் மாறியிருக்க வேண்டும். ஆய்வாளர் கவனித்தார். "அந்த வார்த்தைக்காகத்தான வந்தீங்க?" என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருங்க."

அறை அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதி நம் காதுக்கு மட்டும்தான். பயந்த எலி ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நீளமாகக் கத்துகிறது. மனிதக் காது 20-க்கு மேல் கேட்பதில்லை. கூரையில் ஒரு சிறு ஒலிவாங்கி தொங்கியது. பக்கத்தில் திரை. முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள்: கோடு கோடாக, திரை முழுக்கக் கதறல். இன்றைய பதிவில் இரண்டாம் அடுக்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

உளுத்தம்பருப்பு அளவில் ஒரு சுரப்பி

மாடியில் ஆய்வகம். சாம்பிள்கள் சென்ட்ரிஃப்யூஜில் சுழன்றுகொண்டிருந்த நேரத்தில், ஆய்வாளர் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தார். திரவத்துக்குள் மிதந்தது எலியின் மூளையடிச் சுரப்பி. பிட்யூட்டரி. எடை சுமார் 10 மில்லிகிராம்; உடைத்த உளுத்தம்பருப்பு அளவு. நமக்கு அது பட்டாணி அளவில், அரை கிராம் இருக்கும்.

பழைய தமிழ்ப் பாடநூல்களில் இதன் பெயர் கபச்சுரப்பி. மூளையிலிருந்து கபம் இதன் வழியாக மூக்குக்கு வடிகிறது என்று ஐரோப்பியப் பழைய மருத்துவர்கள் நம்பினார்கள்; பிட்யூட்டா என்றால் லத்தீனில் கபம். நம்பிக்கை போய்விட்டது, பெயர் இரண்டு மொழியிலும் நின்றுவிட்டது. 1930-இல் அமெரிக்கர் பிலிப் ஸ்மித் எலிகளின் மூளைக்குச் சேதம் இல்லாமல் இந்தச் சுரப்பியை மட்டும் எடுத்துக் காட்டினார். எடுத்ததும் அட்ரினல் சுருங்கியது, தைராய்டு சுருங்கியது, இனப்பெருக்கச் சுரப்பிகள் சுருங்கின. உடலின் பாதிச் சுரப்பிகளுக்குத் தலைமடை இந்தப் பருப்புதான் என்று அப்போது தெளிவானது.

அதற்கும் மேலே ஒரு தலைமடை இருக்கிறது என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் இந்தச் சுரப்பிக்கு இறங்குகின்றன. 1952-இல் அவரும் டோரா யாக்கப்சோனும் எலிகளின் சுரப்பியை எடுத்து வேறு இடத்தில் நட்டுப் பார்த்தார்கள். மூளையின் பக்கவாட்டில் நட்டால் அது உயிரோடிருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. ஹைப்போதலாமஸுக்கு நேர்கீழே நட்டபோது, குழாய்கள் மறுபடி முளைத்து வந்து சேர, அது வேலையைத் தொடங்கியது. மேலிருந்து வரும் வாய்க்கால் இல்லாமல் இந்த மதகு திறக்காது.

அந்த வாய்க்காலில் வருவது என்ன? 1955-இலேயே இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஹைப்போதலாமஸில் ஏதோ ஒரு தூண்டுபொருள் இருக்கிறது என்று கண்டன. அதைப் பிரித்து எடுக்க இன்னும் இருபத்தாறு வருடம் ஆனது. 1981-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் வைலி வேலும் அவர் சகாக்களும் ஏராளமான ஆட்டு மூளைகளிலிருந்து அதைப் பிரித்தார்கள்: 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். சி.ஆர்.எச். என்று இன்று அழைக்கிறோம்.

ஆய்வாளர் வெள்ளைப் பலகையில் வரைந்தார். பயம் மூளையை எட்டுகிறது. ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச்.சை அந்த நுண்குழாய்களில் விடுகிறது. மூளையடிச் சுரப்பி அதை வாங்கி ஏ.சி.டி.எச். என்ற 39 அமினோ அமில ஹார்மோனைப் பொது ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினலுக்குப் போய்ச் சேர, அட்ரினல் கார்ட்டிகோஸ்டீரோனைச் சுரக்கிறது. அரை மணி அளவில் அது உச்சத்துக்குப் போகும். பிறகு அதே கார்ட்டிகோஸ்டீரோன் மூளைக்கும் மூளையடிச் சுரப்பிக்கும் திரும்பி வந்து "போதும்" என்று சொல்லும். மதகு மூடும்.

"ஆரோக்கியமான உடம்புன்னா அழுத்தமே வராத உடம்பு இல்ல சார்," என்றார். "இந்தப் 'போதும்' காதுல விழற உடம்பு."

இறங்கிய கோடும் ஏறிய கோடும்

அன்றைய சாம்பிள்களின் அளவு தெரிய மறுநாளாகும் என்பதால், முந்தைய தொகுதியின் வரைபடங்களைத் திரையில் திறந்தார். உலகின் பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டதையே இவர்களும் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் அடுக்கு, முதல் நாள்: ஏ.சி.டி.எச். செங்குத்தாக ஏறுகிறது, பின்னாலேயே கார்ட்டிகோஸ்டீரோன். ஏழாம் நாள் ஏற்றம் குறைவு. இருபத்தொன்றாம் நாள் பாதி மலைகூட இல்லை, ஒரு மேடு. குழாய்க்குள் தானே நுழைந்த அந்த எலியின் ரத்தமும் "பழகிடுச்சு" என்றுதான் சொல்கிறது. இங்கேயே நிறுத்தியிருந்தால் பெரியவர் சொன்னது சரி, அம்மா சொன்னதும் சரி.

மூன்றாம் அடுக்கில் அப்படி இறங்கவில்லை. எது வரும் என்று தெரியாத எலிக்கு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய முதல் நாள்தான்.

ஆய்வாளர் அடுத்த படத்துக்குப் போனார். இரண்டாம் அடுக்கிலிருந்து சில எலிகளை இருபத்தொன்றாம் நாளில் குழாயில் அடைக்காமல், அதுவரை பார்த்தே இராத ஒன்றின் மேல் வைக்கிறார்கள்: உயரமான, வெளிச்சம் விழும், விளிம்பில்லாத ஒரு சிறிய பலகை. அரை மணி நேரம். எதுவும் செய்யப்படாத முதல் அடுக்கு எலிகளையும் அதே பலகையில் வைக்கிறார்கள். கோடுகள் இரண்டும் ஏறின. பழகியதாக நாம் நினைத்த எலியின் கோடு, முதல் அடுக்கு எலியின் கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குப் பழகிய உடல் குழாய்க்கு மட்டும்தான் பழகியிருக்கிறது. உள்ளே சுருள்வில்லை இறுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ரெகுலேட்டர்.

கலிபோர்னியாவில் இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மேரி டால்மன் எழுப்பிய கேள்வி, மூன்று வாரம் கார்ட்டிகோஸ்டீரோனில் நனைந்த மூளை "போதும்" என்ற குரலை அத்தனை முறை கேட்டிருக்கிறதே, புதுச் சிரமத்துக்கு மந்தமாகத்தானே எதிர்வினை செய்ய வேண்டும் என்பது. நடப்பது நேர்மாறு. அதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி மூளையடிச் சுரப்பிக்கு மேலேயே இருக்கிறது. சிறுநீரகத்தில் தண்ணீரைத் தேக்கும் வேசோப்ரெசின் என்ற ஹார்மோனை நாம் அறிவோம். நாட்பட்ட அழுத்தத்தில், சி.ஆர்.எச். சுரக்கும் அதே ஹைப்போதலாமஸ் செல்கள் வேசோப்ரெசினையும் கூடுதலாகச் சேர்த்துச் சுரக்கத் தொடங்குகின்றன. சில வகை அழுத்தங்களில் மூளையடிச் சுரப்பியும் அதை வாங்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. சி.ஆர்.எச். தனியாக வந்தால் ஒரு அளவு ஏ.சி.டி.எச்.; வேசோப்ரெசினும் கூட வந்தால் பல மடங்கு. "போதும்" என்ற குரல் முதல் மதகை மூடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இரண்டாவது மதகு வெட்டப்பட்டுவிடுகிறது.

மற்ற ஹார்மோன்களின் பட்டியலையும் காட்டினார். நீடித்த அழுத்தத்தில் எலிகளின் இனப்பெருக்க ஹார்மோன் எல்.எச். தாழ்கிறது, பெண் எலிகளின் சுழற்சி குலைகிறது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். தாழ்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் தாழ்கிறது. பஞ்ச காலத்தில் குடும்பம் கல்யாணத்தையும் வீடு கட்டுவதையும் தள்ளிப்போடுவதுபோல, உடல் நாளைக்கான செலவுகளை நிறுத்திவைக்கிறது. "ஆனா ஒண்ணு" என்று எச்சரித்தார். "திடீர் அழுத்தத்துல எலிக்கு வளர்ச்சி ஹார்மோன் குறையுது. நமக்குக் கூடுது. அதனால எலியில பார்த்ததை அப்படியே மனுஷங்க மேல ஒட்டிடாதீங்க."

தராசில்

மதியத்துக்கு மேல், இருபத்தொரு நாள் முடித்த சில எலிகளின் கணக்கு முடிகிறது. மயக்கமருந்து கொடுத்து, வலி தெரியாமல் முடித்துவிடுகிறார்கள். அந்த அறைக்குள் என்னை அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே சுவரில் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் ஒட்டியிருந்தது. 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. வெளியாட்களும் அதில் உட்காருவார்கள். எத்தனை எலி, ஏன் அத்தனை, எலி இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1959-இல் எழுதிவைத்த மூன்று கேள்விகள்தான் அடிப்படை: மாற்றுவழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா. பெரியவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு எலியின் எண்ணும், வந்த தேதியும், போன தேதியும் அவர் கையெழுத்தில். "கணக்குக்காக மட்டும் எழுதல சார்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி கழித்து, ஐஸ் தட்டில் சிறு கிண்ணங்கள் வந்தன. ஆய்வாளர் இடுக்கியால் கொழுப்பை நீக்கி ஒவ்வொன்றையும் தராசில் வைத்தார். அட்ரினல் ஒரு ஜோடி; மிளகு அளவு இருக்கும். முதல் அடுக்கு எலியினுடையது முதலில். பிறகு இரண்டாம் அடுக்கு. எலிக்கு எலி உடம்பு மாறும் என்பதால் நூறு கிராம் உடல் எடைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதுகிறார்கள். எண்ணைப் படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தது: இரண்டாம் அடுக்கின் அட்ரினல் பெரிது. மார்புக்கூட்டில் நோய் எதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியை அடுத்து வைத்தார். இரண்டாம் அடுக்கினுடையது சிறிது. உடல் எடையும் அந்த எலிகளுக்கு மெதுவாகத்தான் ஏறியிருந்தது.

இதே காட்சியை 1936-இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே பார்த்தார். புது ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசி போட்டுக்கொண்டிருந்த இளைஞர் அவர். அட்ரினல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. புது ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் ஃபார்மலின் போட்டாலும் அதேதான் வந்தது. குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், ஓடவைத்துக் களைக்கவைத்தாலும் அதே மூன்றும். சிரமம் எதுவானாலும் உடலின் விடை ஒன்று என்று அந்த ஜூலை 4-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக எழுதினார். அவர் சொன்ன மூன்று கட்டங்களில் நடுவிலுள்ளது எதிர்த்து நிற்கும் கட்டம். வெளியே பார்த்தால் எலி நன்றாக இருக்கும். உள்ளே விலை கொடுத்துக்கொண்டிருக்கும். அது நீண்டால் மூன்றாவது கட்டம், களைத்துச் சரிவது.

குழாய்க்குள் தானே நுழைந்த எலி. கதறாத எலி. ரத்தத்தில் ஹார்மோன் இறங்கிய எலி. அதன் அட்ரினல் தராசில் கனத்தது. "பழகிப்போச்சு" என்ற சொல்லுக்கு எடை உண்டு என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மில்லிகிராமில்தான். ஆனால் உண்டு.

மீள்வது எது, தங்குவது எது

"ஓய்வு கொடுத்தா சரியாயிடுமா?" நாள் முழுக்க மனதில் வைத்திருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டேன்.

அதற்கான விடையின் ஒரு பகுதி இதே பெங்களூரில் கிடைத்தது என்றார். சுமந்திர சட்டர்ஜியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாள் அசையவிடாமல் வைத்தார்கள். நினைவுக்கு இடமான ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்துக்கு இடமான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்து படர்ந்தன. "போதும்" என்று சொல்ல உதவும் இடம் மெலிகிறது. "ஆபத்து" என்று கூவும் இடம் தழைக்கிறது. 2004-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், அப்படி அழுத்தம் தந்த எலிகளை இருபத்தொரு நாள் சும்மா விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸின் கிளைகள் மீண்டன. அமிக்டலாவில் வளர்ந்தது அப்படியே நின்றது.

"அப்ப மீளவே மீளாதா?"

"மூணு வாரத்துல மீளலைன்னுதான் சார் அது சொல்லுது. ஓய்வு வீண்னு சொல்லல. பாதி மூளை திரும்பி வந்ததே ஓய்வாலதான்."

எலிகளின் கணக்கை அம்மாவின் மேல் ஒட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மனிதர்களைப் பற்றியும் சில கணக்குகள் இருக்கின்றன. 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் சகாக்களும், நினைவிழந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் அழைத்து, கையில் ஒரே அளவுச் சின்னக் காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் ஆனது. அவர்களும் தங்கள் வீட்டில் யாரிடமாவது பழகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கிளம்பும் முன் கண்ணாடி வழியாக ஒருமுறை விலங்கறையைப் பார்த்தேன். மாலை ஏழு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து, எதையும் எடுக்காமல், உள்ளங்கையை உமியின் மேல் வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். சில எலிகள் வந்து முகர்ந்தன. சில வரவில்லை. வராதவற்றுக்காகவும் அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு விளக்கு அணைந்தது.

ஸ்டேஷனிலிருந்து அம்மாவுக்கு போன் செய்தேன். இனி சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வா என்றேன்.

"எதுக்குப்பா அலையறே, எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

"தெரியும்மா" என்றேன். "அதனாலதான் வர்றேன்."